தலையீற்று: முதல் முறை குட்டி எடுப்பவர்களுக்கு

உங்கள் பெட்டை நாய்க்கு மேட்டிங் நடந்த தேதியை எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் மேலே படிக்கும் முன் எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று முறை சேர்ந்திருந்தால் எல்லாத் தேதிகளையும் எழுதுங்கள். காலண்டரில் வட்டம் போட்டால் போதாது, இதற்கென்று தனியாக ஒரு நோட்டு போடுங்கள். அடுத்த ஒன்பது வாரமும், அதற்கப்புறம் குட்டிகள் கண் திறக்கும் வரைக்கும், அந்த நோட்டில் தினமும் ஒரு வரியாவது விழ வேண்டும். கூடவே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும், கிராம் கணக்கில் காட்டும் தராசும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற சாமான்களை மெதுவாகச் சேர்க்கலாம்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். சும்மா இருக்க வேண்டிய வாரங்களில் பாசத்தால் எதையாவது ஊட்டிக்கொண்டே இருப்பார்கள். ஓட வேண்டிய நேரத்தில் "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். முதலாவதில் நானும் சிக்கியிருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னும் சேர்க்கவில்லை என்றால்

முதல் ஹீட்டிலேயே, அதாவது பெட்டை முதன்முதலில் பருவத்துக்கு வரும்போதே, சேர்க்காதீர்கள், உடம்பு முழுதாக வளர்ந்திருக்காது. இரண்டு வயதை ஒட்டி, இடுப்பு மூட்டு, இதயம், கண் போன்றவற்றில் வரும் பரம்பரைக் கோளாறுகளுக்கான சோதனைகளை முடித்துவிட்டுச் சேர்ப்பதுதான் நல்லது. தடுப்பூசிகள் மேட்டிங்குக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசிகளைச் சினைக்காலத்தில் போடுவதில்லை. தாயின் உடம்பில் இருக்கும் எதிர்ப்புச் சக்திதான் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகிறது, தாயிடம் இல்லாததைக் குட்டியிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆண், பெண் இரண்டுக்கும் புரூசெல்லா ரத்தப் பரிசோதனை எடுங்கள். இந்தக் கிருமி சினை முதிர்ந்த நிலையில் கருவைக் கலைத்துவிடும், மனிதர்களுக்கும் தொற்றும். அப்புறம், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் போன்ற தட்டை முகக்காரர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சிசேரியனை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தலை, குறுகிய இடுப்பு. பல குட்டிகள் வழியில் மாட்டிக்கொள்ளும்.

63 நாள் என்றால் எந்த நாளிலிருந்து?

நாயின் சினைக்காலம் 63 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அந்தக் கணக்கு முட்டை வெளிவரும் நாளிலிருந்து தொடங்குகிறது. மேட்டிங் நாளும் அந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆணின் விந்தணு பெட்டையின் உடம்பில் ஒரு வாரம்கூட உயிரோடு காத்திருக்கும். பெட்டையின் முட்டையோ வெளிவந்த பிறகு முதிர்வதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறது. இதனால் மேட்டிங் தேதியிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் குட்டி வரலாம். ஹீட்டின்போது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை செய்து முட்டை வந்த நாளைக் குறித்திருந்தால், முன்னே பின்னே ஒரு நாள் என்ற அளவுக்குத் துல்லியமாகச் சொல்லலாம். சிசேரியன் தேவைப்படும் இனங்களுக்கு இந்தப் பரிசோதனை மிக முக்கியம். சில நாள் முன்பே எடுத்துவிட்டால் குட்டிகளுக்கு மூச்சுவிடும் பக்குவம் வந்திருக்காது.

சினைதானா, பொய்ச்சினையா?

மடி பெருக்கிறது, காம்பு சிவக்கிறது, பொம்மையை வாயில் தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்துக் காவல் காக்கிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிடாதீர்கள். குட்டி ஒன்றுகூட இல்லாமலே நாய்கள் இப்படிச் செய்யும், பால்கூடச் சுரக்கும். இதுதான் பொய்ச்சினை. கருத்தடை செய்யாத பெட்டைகளிடம் சாதாரணமாகக் காணப்படுவது.

உறுதிப்படுத்த ஸ்கேன்தான் வழி. 25ஆம் நாளுக்குப் பிறகு கரு தெரியும், 28 முதல் 30 நாள் வாக்கில் இதயம் துடிப்பதையே திரையில் பார்த்துவிடலாம். ரிலாக்சின் என்ற ஹார்மோனைத் தேடும் ரத்தப் பரிசோதனையும் நாலு வாரத்தை ஒட்டிச் செய்யலாம். வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொல்வது பழகிய மருத்துவரின் கைவேலை. நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

ஸ்கேனில் எத்தனை குட்டி என்று எண்ணுவது நம்பகமானதில்லை. எண்ணிக்கை வேண்டுமென்றால் 55ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுங்கள். அதற்குள் குட்டிகளின் எலும்பு கெட்டிப்பட்டிருக்கும். மண்டை ஓடுகளையும் முதுகெலும்புகளையும் எண்ணிவிடலாம். இது தேவையா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ராத்திரி மூன்று மணிக்கு ஐந்து குட்டி வந்த பிறகு நாய் படுத்துவிட்டது. முடிந்துவிட்டதா, உள்ளே இன்னொன்று இருக்கிறதா? எக்ஸ்ரேயில் ஆறு என்று தெரிந்திருந்தால் அந்தக் குழப்பமே இல்லை. ஒரே ஒரு குட்டிதான் என்று தெரிந்தாலும் உபயோகம்தான். ஒற்றைக் குட்டி தரும் தூண்டுதல் சில சமயம் போதாமல் வலியே தொடங்காமல் போகும். மருத்துவர் அதற்கேற்பத் தேதி குறிப்பார்.

சாப்பாடு

"இரண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்ற பேச்சை நாயிடம் கொண்டுபோகாதீர்கள். முதல் ஐந்து வாரம் வழக்கமான உணவு, வழக்கமான அளவு. கருக்கள் கருப்பையில் ஒட்டுவதற்கே இரண்டரை வாரத்துக்கு மேல் ஆகிறது. அதற்கப்புறமும் நீண்ட நாள் அவை மிகச் சிறியவைதான். மூன்றாவது நாலாவது வாரத்தில் நாய் ஒன்றிரண்டு நாள் சாப்பாட்டை ஒதுக்கலாம், காலையில் வாந்திகூட எடுக்கலாம். பயப்பட வேண்டாம், தொடர்ந்தால் மட்டும் காட்டுங்கள்.

ஆறாவது வாரத்திலிருந்து கதை வேறு. குட்டிகள் வேகமாக வளர்வது அப்போதுதான். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, குட்டி போடும் நேரத்துக்கு வழக்கத்தைவிடக் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை அதிகமாகக் கொடுங்கள். குட்டி நாய்களுக்கென்று தயாரிக்கும் சத்து மிகுந்த உணவுக்குச் சில நாட்களில் மெல்ல மாற்றுவது நல்லது. வயிறு நிறையக் குட்டிகள் இருப்பதால் இரைப்பைக்கு இடம் இருக்காது. ஒரே வேளையில் கொட்டாமல் நாலைந்து சின்ன வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். பச்சை இறைச்சி வேண்டாம், அதில் இருக்கும் கிருமிகள் கருவையும் பாதிக்கலாம். ஈரல் சத்து என்று அள்ளி வைப்பதும் வேண்டாம், அதிலுள்ள வைட்டமின் ஏ மிகையானால் குட்டிகளுக்கு அண்ணப் பிளவு போன்ற குறைகள் வரக்கூடும்.

இப்போது கால்சியம். முதல் முறை நானும் அந்தப் பாட்டிலை வாங்கிவந்து தினமும் இரண்டு மூடி ஊற்றினேன். குட்டிகளுக்கு எலும்பு வளர வேண்டாமா என்ற நியாயம்தான். பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் அதை உடனே நிறுத்தச் சொன்னார். ரத்தத்தில் கால்சியம் குறையும்போது எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பாராதைராய்டு என்ற சுரப்பி செய்கிறது. வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி சோம்பிவிடும். குட்டி போட்டுப் பால் சுரக்கத் தொடங்கியதும் திடீரென்று நிறையக் கால்சியம் தேவைப்படும். சுரப்பியோ விழித்துக்கொள்வதற்கு நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் பால்காய்ச்சல் (ரத்தத்தில் கால்சியம் சரிந்து வலிப்பு வரை கொண்டுபோகும் நோய்) வருகிறது. எதைத் தடுப்பதாக நினைத்து ஊற்றினேனோ அதையே வரவழைக்கப் பார்த்திருக்கிறேன்! சினைக்காலத்தில் சரிவிகித உணவு கொடுப்பவர்களுக்குத் தனிக் கால்சியம் தேவையே இல்லை.

மருந்து, பூச்சி, நடை

வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரை, மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக், படைக்குப் போடும் மாத்திரை, ஸ்டீராய்டு என்று கருவைக் கெடுக்கும் மருந்துகளின் பட்டியல் நீளமானது. எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும் முதல் வாக்கியமாக "சினையாக இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். உண்ணிக்குப் போடும் சொட்டு மருந்தும் இதில் அடங்கும்.

வயிற்றுப் பூச்சி விஷயம் கொஞ்சம் வினோதமானது. தாய்க்கு எத்தனை முறை பூச்சி மருந்து கொடுத்திருந்தாலும், உருண்டைப் புழுவின் நுண்புழுக்கள் அதன் தசைகளில் தூங்கிக்கொண்டிருக்கும். சினையின் ஆறாவது வாரத்துக்குப் பிறகு அவை விழித்து, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குள் போய்விடும். அதனால் குட்டிகள் பூச்சியோடே பிறக்கின்றன. 40ஆம் நாளிலிருந்து தாய்க்குக் கொடுக்கும் மருந்து ஒன்று உண்டு. பெயரும் அளவும் மருத்துவர் சொல்லட்டும். குட்டிகளுக்கு இரண்டு வார வயதில் முதல் பூச்சி மருந்து, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

நடைப்பயிற்சியை நிறுத்தாதீர்கள். தசை தளர்ந்த தாய் முக்கச் சிரமப்படும். கடைசி மூன்று வாரம் மட்டும் குதிப்பது, மாடிப்படி ஏறி ஓடுவது, மற்ற நாய்களோடு மல்லுக்கட்டுவது வேண்டாம். அந்த மூன்று வாரமும், குட்டி போட்ட பிறகு வரும் மூன்று வாரமும் வெளி நாய்களை அருகிலேயே விடாதீர்கள். நாய்களுக்கு வரும் ஹெர்பீஸ் வைரஸ் பெரிய நாயிடம் லேசான சளியோடு போய்விடும். பச்சைக் குட்டிகளை ஒரேயடியாக அள்ளிக்கொண்டு போய்விடும். பார்க்க வரும் நண்பர்கள் தங்கள் நாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

பெட்டி

குட்டி போடும் பெட்டியைத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே வைத்து, நாயை அதில் தூங்கப் பழக்குங்கள். தாய் கை கால் நீட்டிப் படுத்தாலும் இடம் மிஞ்ச வேண்டும், குட்டி தாண்ட முடியாத உயரத்தில் பக்கச் சுவர் வேண்டும். உட்புறச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து சில அங்குலம் மேலே ஒரு கட்டையோ குழாயோ சுற்றிலும் பொருத்துங்கள். தாய் சாய்ந்து படுக்கும்போது சுவருக்கும் முதுகுக்கும் நடுவே குட்டி நசுங்கிப்போகாமல் அது காப்பாற்றும். ஆள் நடமாட்டம் குறைந்த, காற்று நேரடியாக வீசாத இடமாகப் பாருங்கள். என் பெட்டை அத்தனை ஏற்பாட்டையும் மோந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்த்தான் முதல் குட்டியைப் போட்டது. சீக்கிரம் பழக்கச் சொல்வது அதனால்தான்.

பெட்டிக்குப் பக்கத்தில் இவை இருக்கட்டும்: துவைத்த துணிகள் (நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு), கொதிக்க வைத்து எடுத்த கத்தரிக்கோல், நூல், போவிடோன் அயோடின், கையுறை, குட்டிகளுக்கு அடையாளம் கட்ட வண்ண நூல், துணி சுற்றிய வெந்நீர்ப் பை, நாய்க்குட்டிக்கான பால் பவுடர், பாட்டில். ராத்திரி திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அங்கே போக வண்டி யாருடையது என்பதை இப்போதே முடிவுசெய்து எண்களை நோட்டின் அட்டையில் எழுதிவிடுங்கள்.

தெர்மாமீட்டர் பேசும் வாரம்

58ஆம் நாளிலிருந்து காலை, மாலை இரண்டு வேளையும், முடிந்தால் மூன்று வேளையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து வெப்பநிலையைக் குறியுங்கள். முனையில் கொஞ்சம் வாசலின் தடவினால் நாய் முரண்டு பிடிக்காது. வழக்கமாக நாயின் உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். கடைசி நாட்களில் கொஞ்சம் இறங்கி ஏறி விளையாடும். ஒரு வேளையில் 37.2க்குக் கீழே போய்விட்டால், சினையைத் தாங்கிப் பிடித்திருந்த புரோஜெஸ்டிரோன் சரிந்துவிட்டது என்று அர்த்தம். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்கும். இறக்கம் சில மணி நேரமே நீடிப்பதால், ஒரு வேளை மட்டும் பார்ப்பவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

குட்டி வரும் நேரம்

முதல் கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது, கருப்பை வாய் உள்ளே திறந்துகொண்டிருக்கும். நாய் மூச்சிரைக்கும், நடுங்கும், துணியைக் கிழித்துக் குவிக்கும், சாப்பாட்டைத் தொடாது, சில சமயம் வாந்தி எடுக்கும், தன் பின்புறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். 6 முதல் 12 மணி நேரம் இப்படிப் போகும். தலையீற்றில் 24 மணி நேரம்கூட ஆகலாம். நீங்கள் செய்யக்கூடியது விளக்கைக் குறைத்துவிட்டுத் தள்ளி உட்காருவதுதான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வேடிக்கை காட்டாதீர்கள், கலவரப்பட்டால் வலியே நின்றுபோகும்.

வயிறு இறுகி முக்கத் தொடங்கினால் இரண்டாம் கட்டம். மணியைப் பார்த்து எழுதுங்கள். குட்டி தலை முன்னாலும் வரலாம், பின்னங்கால் முன்னாலும் வரலாம், நாய்க்கு இரண்டுமே இயல்பு. ஒவ்வொரு குட்டியும் ஒரு சவ்வுப் பைக்குள் வரும். தாய் அதை நக்கிக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் கிழிக்கவில்லையென்றால் நீங்கள் மூக்குப் பக்கம் கிழித்து, வாய் மூக்கிலுள்ள நீரைத் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, துணியால் முதுகை அழுத்தித் தேயுங்கள். கத்துகிறதா, நல்லது. சிலர் குட்டியைக் கையில் பிடித்து வீசி ஆட்டுவார்கள். அது மூளைக்கு ஆபத்து, செய்யாதீர்கள். கொடியை அறுக்க வேண்டியிருந்தால் வயிற்றிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி நூலால் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டி, நுனியில் அயோடின் தொடுங்கள்.

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி வர வேண்டும், சில நேரம் தாமதமாக வரும். எண்ணிக் குறியுங்கள். தாய் ஒன்றிரண்டைத் தின்றால் தவறில்லை, எல்லாவற்றையும் தின்றால் வயிற்றுப்போக்கு வரும். குட்டிக்கும் குட்டிக்கும் நடுவே அரை மணியோ ஒரு மணியோ இடைவெளி இருக்கும். தாய் அமைதியாகப் படுத்து வந்த குட்டிகளுக்குப் பால் கொடுத்தபடி இரண்டு மணி நேரம்வரை ஓய்வெடுப்பதும் உண்டு.

கீழே உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இதில் ஒன்று நடந்தாலும் போனை எடுங்கள்:

- 20 முதல் 30 நிமிடம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை
- உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுத்தது வரவில்லை
- முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சைக் கசிவு (நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள், முதல் குட்டிக்குப் பிறகு அதே நிறம் இயல்பு)
- வெப்பநிலை இறங்கி 24 மணி நேரமாகியும் வலி இல்லை
- குட்டியின் ஒரு பகுதி வெளியே தெரிந்து மாட்டிக்கொண்டிருக்கிறது
- ரத்தம் கொட்டுகிறது, நாற்றமடிக்கிறது, தாய் துவண்டுவிட்டது
- மேட்டிங் நாளிலிருந்து 70 நாள் தாண்டிவிட்டது

யாராவது "ஒரு ஆக்சிடோசின் ஊசி போட்டா வந்துரும்" என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து, வழி அடைத்திருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் கருப்பையே கிழிந்துபோகலாம். பரிசோதித்த மருத்துவர்தான் அதை முடிவுசெய்ய வேண்டும்.

முதல் மூன்று வாரம்

பச்சைக் குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் குட்டிகள் படுக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி இருக்கட்டும். ஆனால் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்க வேண்டும், வெப்பம் கூடினால் தாயும் குட்டிகளும் தள்ளிப்போக இடம் வேண்டும். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கத்தினால் குளிர். மூலைக்கொன்றாகச் சிதறி இரைத்தால் சூடு அதிகம். பக்கம் பக்கமாகப் படுத்துத் தூக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி.

குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள். 35 டிகிரிக்குக் கீழ் போன உடம்பில் குடல் இயங்காது. பால் செரிக்காமல் தங்கிவிடும். முதலில் உங்கள் உடம்போடு அணைத்து மெல்லச் சூடேற்றுங்கள், அப்புறம் காம்பில் விடுங்கள். சீம்பால் முதல் நாளுக்குள் உள்ளே போயாக வேண்டும். அதற்குப் பிறகு குட்டியின் குடல் அந்த எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சாது. பாட்டிலில் கொடுக்க நேர்ந்தால் குட்டியைக் குப்புறப் படுத்த நிலையில் வைத்துக் கொடுங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

தராசுக்கு வேலை இப்போதுதான். பிறந்ததும் ஒரு எடை, பிறகு தினமும் ஒரே நேரத்தில். முதல் நாள் சற்றுக் குறையலாம், 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதன்பின் தினமும் ஏற வேண்டும், 10 நாள் வாக்கில் பிறந்த எடையைப்போல இரண்டு மடங்கு ஆகியிருக்கும். ஒரு குட்டி ஏறாமல் நின்றால் கண்ணுக்கு எதுவும் தெரியும் முன்பே தராசு சொல்லிவிடும். குட்டிகள் தாமாகச் சிறுநீர் கழிக்காது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். தாய் நக்கவில்லையென்றால் ஒவ்வொரு முறை பால் குடித்த பிறகும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அந்த இடத்தை நீங்கள் தடவிவிட வேண்டும்.

குட்டிகளைப் பார்க்கும் குஷியில் தாயை மறந்துவிடுவார்கள். பால் கொடுக்கும் நாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு முதல் நாலு மடங்கு உணவு வேண்டும். கேட்கும்போதெல்லாம் கொடுங்கள், தண்ணீர்க் கிண்ணம் காலியாகக் கூடாது. சில வாரங்களுக்குச் செம்பழுப்புக் கசிவு இருக்கும், மெல்லக் குறையும். நாற்றமோ சீழோ காய்ச்சலோ சேர்ந்தால் கருப்பையில் தொற்று. மடியைத் தினமும் தொட்டுப் பாருங்கள். கல்லாக இறுகி, சூடாகி, சிவந்து வலித்தால் மடி நோய்.

முன்பு சொன்ன பால்காய்ச்சல் பெரும்பாலும் குட்டி போட்ட முதல் நாலு வாரத்துக்குள், பால் அதிகம் சுரக்கும்போது வரும். உருவம் சிறிய, குட்டிகள் நிறைய உள்ள தாய்களிடம் அதிகம். நிலைகொள்ளாமல் இரைக்கும், கால் விறைத்து நடக்கும், தசை துடிக்கும், பிறகு வலிப்பு வந்துவிடும். முதல் அறிகுறியிலேயே குட்டிகளைப் பிரித்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினால் சில நிமிடங்களில் அடங்கும். அரை நாள் தள்ளிப்போட்டால் உயிரே போகலாம்.

கண் 10 முதல் 14 நாளில் திறக்கும், அடுத்த சில நாட்களில் காது. மூன்று வாரத்தில் தள்ளாடி நடந்து தாயின் கிண்ணத்துக்குள்ளேயே காலை வைக்கும். அப்போது தட்டையான தட்டில் கூழாகக் கரைத்த உணவை வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் வயிற்றைவிட முகத்தில்தான் அதிகம் ஒட்டியிருக்கும், தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். எட்டு வாரம் முடியும் வரை எந்தக் குட்டியையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், முன்பணம் வாங்கியிருந்தாலும் சரி.